வலது பக்க வெயில்

சார், ஒரு சின்ன உதவி. நீங்கள் இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டால் நான் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். காற்றுக்காகக் கேட்கவில்லை, வாந்தி எடுக்கிற ஆளும் இல்லை. வெயிலுக்காகக் கேட்கிறேன். ஆமாம், வெயிலுக்காகத்தான். நாகலாபுரம் தாண்டட்டும், நீங்களே எழுந்து கொடுத்துவிடுவீர்கள். விளாத்திகுளத்திலிருந்து மதுரைக்கு இந்த ரோடு நேர் வடக்கே போகிறது. காலையில் வடக்கே போகிற பஸ்ஸில் வலது பக்கம் கிழக்கு. விவரம் தெரிந்த எவனும் இந்தப் பக்கம் உட்கார மாட்டான். நீங்கள் வெளியூர் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

ரொம்ப நன்றி. கையை வெளியே நீட்ட மாட்டேன், பயப்படாதீர்கள். ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றி வைத்தால் போதும். பதினெட்டு வருஷம் இந்தக் கை இப்படித்தான் இருந்தது.

டிக்கெட் போடுகிற தம்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனானே, கவனித்தீர்களா? 'ஸ்டாஃப்' என்று அர்த்தம். பஸ்ஸில் வேலை பார்த்த ஆளுக்கு இந்த ரூட்டில் டிக்கெட் கிடையாது. இந்த ரூட்டில் யாரைக் கேட்டாலும் பெருமாள்சாமி டிரைவர் என்றுதான் சொல்வார்கள். காகிதத்தில் மட்டும் பெருமாள்சாமி கிளீனர். அதுதான் கேஸ்.

கம்பெனி பேரைக் கேட்காதீர்கள். கேஸ் நடக்கும்போது வெளியே சொல்லக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கேஸ் முடிந்துவிட்டது என்றும் அவரே சொல்கிறார். அது அவர் கருத்து.

முதலில் கையைப் பாருங்கள். இந்த இடது கை உறையைக் கழற்றுகிறேன். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் போடுகிற உறைதான், வெட்கப்பட என்ன இருக்கிறது? இடது கை என்ன நிறம்? கறுப்பு. சும்மா சொல்லுங்கள் சார், கூச்சப்பட வேண்டாம், பிறந்தபோதே இந்த நிறம்தான். இப்போது வலது கை. அதுவும் கறுப்பு. ஆனால் அது வேறு கறுப்பு. இது கருப்பட்டி என்றால் அது கருப்பட்டி காய்ச்சிய சட்டியின் அடி. சட்டையைத் தூக்கினால் கோடு போட்டது மாதிரி இருக்கும், வேண்டாம், பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முகத்திலும் உண்டு. வலது கன்னம் என் அண்ணன் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள்.

பதினெட்டு வருஷம் காலையில் இதே ரோட்டில் வடக்கே போனேன். வலது பக்கம் கிழக்கு வெயில். மத்தியானத்துக்கு மேல் தெற்கே திரும்பி வருவேன். அப்போது வலது பக்கம் மேற்கு. போகும்போதும் வலது பக்கம் வெயில், வரும்போதும் வலது பக்கம் வெயில். இதைவிட ஒரு டிரைவருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனால் ரெஜிஸ்டரில் டிரைவர் என்று இருந்தது முதலாளியின் மச்சினன் பேர். அவர் ஆபீஸில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். டிரைவர் என்று எழுதினால் நாளைக்கு உரிமை கேட்பான் என்று என்னைக் கிளீனராக எழுதிவிட்டார்கள். நானும் பெரிதாக நினைக்கவில்லை. ஸ்டியரிங் என் கையில் இருக்கிறது, பேனா யார் கையில் இருந்தால் என்ன என்று இருந்துவிட்டேன். அது என் தப்பா? யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் தப்புதான்.

போன வருஷம் வண்டியை விற்றுவிட்டார்கள். அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்கூலில் பஸ் டிரைவர் வேலை இருந்தது. லைசென்ஸ் இருக்கிறது, கண் நன்றாகத் தெரிகிறது. அனுபவச் சான்று ஒன்று வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு வரி. இன்னார் எங்களிடம் இத்தனை வருஷம் டிரைவராக இருந்தார். முதலாளி மகனிடம் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, ரெஜிஸ்டர்ல நீங்க கிளீனர். நான் எப்படி டிரைவர்னு எழுதுவேன்?"

"தம்பி, நீ காலேஜுக்குப் போனதே என் வண்டியிலதான். முன் சீட்ல உட்கார்ந்து என்கிட்டப் பேசிக்கிட்டேதான வருவ?"

"பேசியிருப்பேன். யார் ஓட்டுனாங்கன்னு கவனிக்கலையே."

அதற்குப் பிறகுதான் கோவில்பட்டியில் வக்கீல் சங்கரலிங்கத்திடம் போனேன். நல்ல மனிதர். கேள்விமேல் கேள்வி கேட்டார்.

"காகிதம் ஏதாவது?"

"இல்ல சார்."

"சரி, கண்டக்டர் யாரு?"

"அய்யாத்துரை."

"பதினெட்டு வருஷமும் அவர்தானா?"

"ஆமா."

"அப்புறம் என்னய்யா, அவரைக் கூட்டிட்டு வாரும். ஒரே வாய்தாவுல முடிச்சிருவோம்."

"அவன் வேண்டாம் சார்."

"ஏன்?"

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. ஆறு வருஷமா."

வக்கீல் பேனாவை மூடிவிட்டார். "பேச்சுவார்த்தை இல்லாம ரெண்டு பேரும் எப்படிவே பஸ் ஓட்டுனீங்க?"

"விசில் இருக்குல்ல சார். ஒரு விசில்னா நில்லு, ரெண்டு விசில்னா போ. அதுக்கு மேல டிரைவரும் கண்டக்டரும் பேச என்ன இருக்கு?"

உங்களுக்கும் சிரிப்பு வருகிறது. சிரியுங்கள். காரணத்தைக் கேட்டால் சிரிக்க மாட்டீர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம். கை தீய்கிறது. தீய்கிறது என்றால் தோசைக்கல்லில் வைத்தது மாதிரி. டிரைவர் ஜன்னலுக்கு ஒரு துண்டுத் துணி கட்டிக்கொள்ளலாம் என்று, "அய்யாத்துரை, ஒரு திரை கட்டணும், கயிறு இருந்தா குடு" என்றேன். புதூர் ஸ்டாப். வண்டி நிறைய ஆள். அவன் படியில் நின்றுகொண்டு சத்தமாகச் சொல்கிறான்: "உமக்கு எதுக்கு அண்ணாச்சி திரை? இதுக்கு மேல கறுக்க என்ன இருக்கு?"

வண்டியே சிரித்தது சார். கைக்குழந்தையோடு நின்ற ஒரு அம்மா, கம்பியைப் பிடிக்காமல் சிரித்தது.

கறுப்பாக இருக்கிறவனுக்கு வெயில் ஏறாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். செங்கல் சூளையில் நிற்கிறவன், ரோடு போடுகிறவன், உப்பளத்தில் வாருகிறவன், எல்லோரும் கறுப்பு, அதனால் அவர்களுக்கு வலிக்காது. வெள்ளையாக இருக்கிறவன் பத்து நிமிஷம் நின்றால் முகம் சிவந்துவிடும், உடனே மோர் கொடுப்பார்கள். எனக்குச் சிவக்கத் தெரியவில்லை. அது என் குற்றமா? யோசித்துப் பார்த்தேன். இல்லை.

அன்றைக்கு அவனிடம் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து பேசவும் இல்லை. திரையும் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்றால், கட்டினால் அவன் பார்ப்பான்.

இதையெல்லாம் வக்கீலிடம் சொல்லி முடிக்கும்போது என் இரண்டு கையும் அவர் மேஜைமேல் இருந்தன. வெள்ளைக் காகிதக் கட்டு ஒன்றின்மேல். அவர் அதையே பார்த்தார். பிறகு எழுந்து லைட்டைப் போட்டுப் பார்த்தார். "பெருமாள்சாமி, சாட்சி கிடைச்சாச்சுவே" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாராம், இப்போது அப்படித்தான் சொல்கிறார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

லேபர் ஆபீஸில் ஒரு மேடம். முதல் வாய்தாவிலேயே வக்கீல் என் சட்டைக் கையை மடக்கிவிட்டு, இரண்டு கையையும் மேஜைமேல் வைக்கச் சொன்னார். கம்பெனி வக்கீல் சும்மா இருப்பாரா? "கிளீனரும் வெயில்லதானே நிப்பான், மேடம்" என்றார். எங்கள் ஆள் விடவில்லை. "கிளீனர் நிக்கிறது இடது பக்கப் படியில. அவனுக்குக் கறுத்தா இடது கைதான் கறுக்கணும். இவருக்குக் கறுத்திருக்கிறது வலது கை." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். சார், இந்த ஐம்பத்தாறு வயதில் என்னை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. என் கல்யாணத்துக்குப் பெண்வீட்டார் வந்தபோதுகூட இல்லை.

"இது வெயில்ல வந்ததுதான்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்று நாலு மாதத்துக்கு வாய்தா போட்டார்.

தோல் டாக்டர் சின்னப் பெண். என் மகள் இருந்தால் அந்த வயது. பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது. "கறுப்புத் தோல்ல நிறம் குடுக்கிற சத்து ஜாஸ்தி. அது தோலுக்குக் குடை மாதிரி. அதனால சிவந்து உரியாது. ஆனா குடையும் வெயில்லயே கிடந்தா நைஞ்சு போகுமில்ல? கறுக்கும், திட்டுத் திட்டா விழும், தடிக்கும், சுருங்கும். நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சு யாரும் வர்றதே இல்ல."

"அப்போ கறுப்புக்கு மேலயும் கறுக்கும்?"

"தாராளமா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அம்மா, அதை அப்படியே எழுதிக் குடுங்க" என்றேன். என்ன எழுதியது தெரியுமா? வலது கை இடது கையைவிடக் கருமை. வெயில் காரணமாக இருக்கலாம். இருக்கலாம்! தாராளமா என்று வாய் சொன்னது, பேனா இருக்கலாம் என்கிறது. இதனால்தான் சார் எனக்கு மனிதர் வாயில் நம்பிக்கை இல்லை. வாய் இன்றைக்கு ஒன்று சொல்லும், நாளைக்கு ஒன்று சொல்லும். தோல் அப்படி இல்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு கிரீமை எழுதிக் கொடுத்து, "இனிமே வெயில் படாம பாத்துக்கோங்க. கொஞ்சம் கொஞ்சமா மங்கிப் பழைய நிறத்துக்கு வந்துரும்" என்றது.

"மங்கிருமா?"

"மாசக்கணக்காகும். ஆனா மங்கும். சந்தோஷப்படுங்க சார்."

நாலு மாதத்தில் வாய்தா. வண்டி ஓட்டுவதை விட்டு அப்போதே இரண்டு மாதம். என் சாட்சி என் தோளிலேயே தொங்கிக்கொண்டு நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டிருக்கிறது. நான் எப்படிச் சந்தோஷப்படுவது? முழங்கைக்குப் பக்கத்தில் சொரசொரப்பாக ஒரு திட்டு, இதோ, இதைப் பார்க்க இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னது. நான் போகவில்லை. போனால் வெயிலில் போகாதே என்று சொல்லும். கிரீமை வீணாக்கவில்லை. இடது கைக்குப் போட்டேன். வித்தியாசம் நன்றாகத் தெரியட்டும் என்று.

மொட்டை மாடியில் ஒரு நாற்காலி போட்டேன். காலையில் வடக்கே பார்த்து, மத்தியானத்துக்கு மேல் தெற்கே பார்த்து. வலது பக்கம் ஒரு ஸ்டூலை வைத்து அதன்மேல் முழங்கை. எட்டு நாற்பதுக்கு ஏறி உட்கார்ந்தால் ஒன்பது ஐம்பதுக்கு டீ குடிக்க இறங்குவேன், அது பந்தல்குடி. பழக்கம் சார், என்ன செய்ய? என் வீட்டுக்காரி ராமுத்தாய் கீழே நின்று கத்துவாள்.

"ஏங்க, இறங்கி வாங்க. பக்கத்து வீட்டுல எல்லாரும் பாக்காக."

"இன்னும் பந்தல்குடி வரலை."

"கேஸு ஜெயிக்கிறதுக்குள்ள கருவாடா ஆயிருவீக. அந்த அய்யாத்துரை அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வந்து நிக்கப் போறாரு. வாயி வலிக்குதாக்கும்?"

அவளுக்குப் புரியாது. பெண்களுக்கு உடனே காரியம் முடிய வேண்டும்.

ஐப்பசி வந்தது. மழை. பன்னிரண்டு நாள் சூரியனையே காணவில்லை. ஊரே விதைப்புக்கு நல்ல மழை என்று கும்பிடுகிறது, நான் ஒருத்தன் வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறேன். தினமும் வெள்ளை வேட்டியை விரித்து இரண்டு கையையும் வைத்துப் பார்ப்பேன். ராமுத்தாயைக் கூப்பிட்டு, "நேத்தைக்கு இன்னைக்கு எப்படி இருக்கு?" என்பேன். "அப்படியேதான் இருக்கு" என்பாள். பார்க்காமலே சொல்வாள். முப்பது வருஷமாகக் குழம்பில் உப்பு எப்படி என்று அவள் கேட்டால் நானும் சாப்பிடும் முன்னாலேயே சரியாக இருக்கிறது என்பேன், அதனால் எனக்குத் தெரியும்.

மழை விட்டதும் மாடி வேண்டாம் என்று பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். மாடி வெயில் வேறு. அசல் வெயில் இங்கேதான் விழுகிறது. தினமும் மதுரை போகிறேன், வலது ஜன்னல். பத்து நிமிஷம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். திரும்பி வருகிறேன், வலது ஜன்னல்.

ஒருநாள் காரியாபட்டி பக்கத்தில் ஒரு யோசனை வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. இந்தக் கறுப்பில் பதினெட்டு வருஷக் கறுப்பு எவ்வளவு, மாடிக் கறுப்பு எவ்வளவு, பயணிக் கறுப்பு எவ்வளவு? இப்படி உட்கார்ந்து வருகிற எவனுக்கும் இந்தக் கை வந்துவிடுமே. அப்படியானால் நான் சாட்சியைக் காப்பாற்றுகிறேனா, சாட்சியை உண்டாக்குகிறேனா? நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். வீட்டுப் பத்திரத்தைக் கரையான் அரிக்காமல் மருந்து போட்டு வைக்கிறோம். அதனால் பத்திரம் பொய்யாகிவிடுமா? இதுவும் அதுமாதிரிதான். முழுக்க அதுமாதிரி இல்லை, தெரியும். ஆனால் ஏறக்குறைய அதுமாதிரி.

தை மாதம் வாய்தா. கை அப்போது எப்படி இருந்தது தெரியுமா? இப்போது பார்ப்பதைவிட நன்றாக இருந்தது. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்தால் பெஞ்சில் அய்யாத்துரை உட்கார்ந்திருக்கிறான்.

ராமுத்தாய் போய்ச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல். வக்கீலும் உடந்தை.

மேடம் கூப்பிட்டார். கம்பெனி வக்கீல் அவனை மடக்கப் பார்த்தார்.

"இவரும் நீங்களும் சிநேகிதமா?"

"இல்லீங்க. நாங்க பேசி ஏழு வருஷம் ஆகப் போகுது."

"பேச்சே இல்லாதவருக்கு எதுக்குச் சாட்சி சொல்ல வந்தீங்க?"

"பேசலைன்னா அவர் வண்டி ஓட்டலைன்னு ஆயிருமா?" என்றான். "பதினெட்டு வருஷம் அவருதான் ஓட்டுனாரு. நான் பின்னால நின்னு டிக்கெட் போட்டேன். அவர் பிரேக் போட்டு ஒரு ஆள் சாஞ்சு நான் பாத்ததில்ல. கர்ப்பிணி ஏறுனா வண்டி நடக்கும், ஓடாது. மச்சினன் பேருல கையெழுத்து இருக்கலாம். மச்சினனுக்கு ரிவர்ஸ் போடத் தெரியுமான்னு கேளுங்க."

மேடம் சிரித்துவிட்டார். எழுதினார். பகைக்காரனே சொல்கிறான், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கம்பெனி வக்கீலைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த கேஸைக் கூப்பிட்டார்.

நான் அப்படியே நிற்கிறேன். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறேன். "மேடம், கை" என்றேன். "போதும் பெருமாள்சாமி, போய்ட்டு வாங்க" என்றார். அரைக்கைச் சட்டை சார்! மடக்கக்கூட வேண்டாம், குனிந்தால் போதும்! நாலு மாதம் வெயிலில் கிடந்தேன், மழைக்குப் பல்லைக் கடித்தேன். ஒருதடவை குனிந்து பார்க்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அய்யாத்துரை நின்றுகொண்டிருந்தான். என் கிட்டே வந்து, கேட்காமலே என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். இடது கையையும் பார்த்தான்.

"அண்ணாச்சி, நல்லாத்தான் கறுத்திருக்கு. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. கயிறு என்கிட்ட இருந்துச்சு. எடுத்துக் குடுத்திருக்கணும்" என்றான்.

கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். வாயால் சொன்னால் ஆச்சா? புதூரில் அவ்வளவு பேருக்கு முன்னால் சொன்னதை மரத்தடியில் யாரும் இல்லாதபோது வாபஸ் வாங்குவதா? எழுத்தில் வேண்டும் சார். அதிகாரி முத்திரையோடு வேண்டும்.

உத்தரவு வந்தது. இதோ என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, வியர்வை படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டிருக்கிறேன். படியுங்கள். 'நடத்துநர் அய்யாத்துரை என்பவரின் சாட்சியத்தின் அடிப்படையில், மனுதாரர் பதினெட்டு ஆண்டுகள் ஓட்டுநராகப் பணியாற்றினார் என்று முடிவு செய்யப்படுகிறது.' பின்னால் கம்பெனி கொடுத்த சான்றும் இருக்கிறது. டிரைவர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் இருக்கிறது. கை எங்கே? தேடிப் பாருங்கள். இரண்டு பக்கம். கை என்ற சொல்லே இல்லை. நாளைக்கு ஒருவன் இதைப் படித்தால் பெருமாள்சாமி டிரைவராக இருந்தான் என்று தெரியும். அதில் கறுத்துப்போனான் என்று எப்படித் தெரியும்?

அதனால் ஒரு மனு எழுதியிருக்கிறேன். உத்தரவில் கையையும் சேர்க்க வேண்டும் என்று. வக்கீல், "ஜெயிச்ச கேஸுக்கு எவனாவது மனுப் போடுவானாவே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை. பரவாயில்லை, நானே போடுவேன். கூப்பிடும்வரை கை இருக்க வேண்டும், அதற்குத்தான் இந்த சீட்.

ஸ்கூலா? ஸ்கூலில் இன்னும் ஆளைப் போடவில்லை. இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் இந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் வேலை எனக்கு, இல்லையென்றால் வேறு ஆள் தயாராக இருக்கிறான் என்று போன் செய்தார்கள். ராமுத்தாய் காலையிலேயே எழுந்து சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். இந்தக் கண்டக்டர் தம்பியிடமும் அவள்தான் சொல்லிவிட்டிருப்பாள், என்னை அருப்புக்கோட்டையில் இறக்கிவிடச் சொல்லி.

இறங்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஸ்டியரிங்கைத் தொட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. இரவென்றில்லை பகலென்றில்லை, வலது கால் தானாக அமுங்குகிறது. ஆனால் ஒரு விஷயம் சார். போய் விசாரித்தேன். அந்த ஸ்கூல் பஸ் காலையில் வடக்கே இருக்கிற ஊர்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தெற்கே வருகிறது. வலது பக்கம் மேற்கு. நிழல். சாயங்காலம் பிள்ளைகளை இறக்க வடக்கே போகிறது. வலது பக்கம் கிழக்கு. நிழல். காலை ஆறரைக்கு வண்டி காலியாக வடக்கே போகும்போதும், சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதும் மட்டும் கொஞ்சம் படும். அந்த நேரத்து வெயில் ஒரு வெயிலா? அந்த வேலையில் சேர்ந்தால் ஒரே வருஷத்தில் இந்தக் கை வெளுத்துவிடும். இடது கை கறுத்துவிடும். அப்புறம் என்னைப் பார்க்கிறவன் என்ன சொல்வான்? கிளீனர் என்பான்.

நீங்களே சொல்லுங்கள், இறங்கட்டுமா?

எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். நான் பிடிவாதக்காரனா? அதையும் யோசித்துப் பார்த்தேன். பிடிவாதக்காரன் யோசிக்க மாட்டான். நான் யோசிக்கிறேன். அருப்புக்கோட்டை வந்துவிட்டது, பாருங்கள், இங்கே ஐந்து நிமிஷம் நிற்கும்.

"அண்ணாச்சி, இறங்கலையா? பன்னெண்டு மணின்னாங்களாமே ஸ்கூல்ல."

"இருப்பா. யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"நீங்க யோசிக்கிறதுக்குள்ள பிள்ளைகளெல்லாம் காலேஜே போயிரும்."

நக்கலைப் பார்த்தீர்களா? சரி சார். எழுந்துவிட்டேன். கால் மரத்துப்போயிருக்கிறது, கொஞ்சம் வழி விடுங்கள். உங்கள் பேச்சைத் தட்டக் கூடாது என்றுதான் எழுந்தேன். அது என்ன, அந்த நீலச் சட்டைக்காரன் இப்போதே பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்? இந்த சீட்டுக்குத்தான் கண். தம்பி, ஆள் இருக்கு. ஆமா, எழுந்தேன். எழுந்தா உடனே இறங்குறதா அர்த்தமா? இடுப்பை நிமித்துறேன். அங்கிட்டுப் போப்பா.

உட்கார்ந்துவிட்டேன். அவன் ஒரு நாள் இங்கே உட்கார்ந்து போவான், அவனுக்கு இந்த வெயிலால் என்ன பிரயோசனம்? மதுரை போய்த் திரும்பும்போது இறங்கிக்கொள்கிறேன். இரண்டு மணி நேரம் பிந்தினால் வேண்டாம் என்றா சொல்லிவிடுவார்கள்? பதினெட்டு வருஷ டிரைவர் சார், சான்று இருக்கிறது.

ஒரு நிமிஷம், போன். ராமுத்தாய்தான்.

"சொல்லு... ஆமா, இறங்கிட்டேன்... ரோட்டுலதான் நிக்கேன். அந்தச் சத்தமா? அது பஸ்ஸு, இப்பத்தான் கிளம்பிப் போகுது... சரி, குடுத்துட்டுச் சொல்றேன். வை."

அப்படிப் பார்க்காதீர்கள் சார். கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டுமானால் உட்காருங்கள். காரியாபட்டி வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு மரம் கிடையாது.